மறதி நோய் வந்த அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா? சுங்கை சிப்புட் மகளுக்கு ஒரு பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 76 வயது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆஸ்பத்திரியில் மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் என்று சொல்லி, இரவில் போட டொனெபெசில் மாத்திரை கொடுத்து, நான்கு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரம் வந்துவிட்டதாகக் கதவை உலுக்குகிறார். குளிக்கக் கூப்பிட்டால் அடிக்க வருகிறார். மருமகள் தோட்டை எடுத்துக்கொண்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார். ஈப்போவில் இருக்கும் அண்ணன், ஹோமில் விடலாம், இல்லையென்றால் மூன்று பிள்ளைகளும் மாதத்துக்கு ஒருவராக முறை வைத்துப் பார்க்கலாம் என்கிறார். "வீட்டில் என்ன செய்யணும் என்று யாருமே சொல்லவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடியுமா?" இதுதான் கேள்வி.

முடியும் தங்கச்சி. ஆனால் நீங்கள் ஒருத்தியாக அல்ல. மாவட்ட கிளினிக்கில் தாதியாக இருந்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்தது தனிப்பட்ட கஷ்டம் இல்லை. 2018-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. உங்கள் தாமானில் எண்ணிப் பார்த்தாலே நாலைந்து வீடு தேறும். "வயசானா அப்படித்தான்" என்று மூடி வைத்திருப்பார்கள். அதே அமைச்சு 2021-இல் வெளியிட்ட மறதி நோய்ச் சிகிச்சை வழிகாட்டி, மூன்றாம் பதிப்பு, மருந்தைத் தாண்டிய பராமரிப்பையும் பார்த்துக்கொள்பவருக்கான ஆதரவையும் சேர்த்தே பேசுகிறது. அது டாக்டர் மேசையில் இருக்கிறது. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் பத்து நிமிஷத்தில் மாத்திரை மட்டும்தான் உங்கள் கைக்கு வந்து சேர்கிறது. மிச்சத்தை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். அம்மா என்ன செய்கிறார் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன நினைக்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. பெரும்பாலான குடும்பங்களில் இப்படித்தான். பிள்ளைகளுக்கு அம்மா விழக்கூடாது, தொலைந்து போகக்கூடாது, அடுப்பைப் பற்றவைக்கக்கூடாது என்ற பயம். நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசினால் வேறு கதை வரும். "எனக்கு ஒரு வேலையும் குடுக்க மாட்டேங்கிறாங்க." "என் முன்னாலயே என்னைப் பத்திப் பேசுறாங்க." "டாக்டர் என் மகனைப் பாத்துத்தான் பேசினாரு." இன்னும் சிலர், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமே என்று அழுவார்கள். பெயர் மறந்தாலும், நாள் மறந்தாலும், தன்னை எப்படி நடத்துகிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுப் பராமரிப்பில் வரும் சண்டைகளில் பாதி இந்த இரண்டு கவலைகளும் மோதுவதால் வருவது.

அதனால் முதல் வேலை, அம்மா தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, அநேகமாகக் காலை பசியாறிய பிறகு, அவரிடமே கேளுங்கள். "ஞாபகம் தப்புதே, உங்களுக்குப் பயமா இருக்காம்மா? எது கஷ்டமா இருக்கு? யார் கூட இருக்க ஆசை?" என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. நோயைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று பலர் தயங்குவார்கள். மூளையில் ஒரு நோய், அதனால்தான் மறக்கிறது, உங்கள் மேல் தப்பில்லை என்று எளிமையாகச் சொன்னால் நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. கேட்க விரும்பாதவர் பேச்சை மாற்றிவிடுவார். அப்போது விட்டுவிடுங்கள்.

நாலு மணிக்கு வருகிறேன். தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்கு முன் பால் நன்றாக இறங்கும், அதனால் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்ற உடம்பு அது. புதிதாகப் பதிவதைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது. நேற்று சாப்பிட்டது போய்விடும், தன் மர வரிசையான நிரையில் எந்த மரத்துப் பட்டை காய்ந்தது என்பது இருக்கும். தோட்டம் கைமாறி, செம்பனை நட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தை இடித்ததெல்லாம் அம்மாவின் மனசில் இன்னும் நடக்கவில்லை. "அந்தத் தோட்டமே இல்லம்மா, எப்பவோ போச்சு" என்று ஒவ்வொரு நாளும் சொன்னால், ஒவ்வொரு நாளும் அவர் அதைப் புதிதாக இழக்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்?

வேறு மாதிரி செய்து பாருங்கள். விளக்கைப் போடுங்கள், ஒரு கோப்பி ஓ கலக்கிக் கொடுங்கள், பிஸ்கட் இரண்டு வையுங்கள். "இன்னிக்கு எந்த நிரைம்மா? மண்டோர் யாரு?" என்று அன்றைய வேலையையும் மேற்பார்வையாளரையும் பற்றிக் கேளுங்கள். பேச்சு வரும். பேசிக்கொண்டே இருபது நிமிஷம் போனால் பல பேர் தானாகவே படுக்கப் போய்விடுவார்கள். போகாவிட்டால் வாசல் வரை கூட நடந்துவிட்டு வாருங்கள். "மழை பேஞ்சு மரமெல்லாம் ஈரம், இன்னிக்கு வெட்டு இல்லை" என்று சொல்லித் தூங்க வைக்கும் மகன்களும் உண்டு. அது பொய்தானே என்று சங்கடப்படுகிறவர்களுக்கு என் கருத்து இதுதான்: முதலில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், எதுவுமே பலிக்காமல் அம்மா தவிக்கும்போது அந்த மழை அவர் தவிப்பைத் தணிக்கத்தான், தவறில்லை. ஆனால் சொத்து, பணம், கையெழுத்து விஷயத்தில் ஒருபோதும் பொய் வேண்டாம்.

பகலில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். பகல் முழுக்க டிவி முன் உட்கார்ந்து கண் அயர்ந்தவர் நாலு மணிக்கு எழாமல் வேறென்ன செய்வார்? காலையிலும் சாயங்காலமும் வெளிச்சத்தில் நடக்கட்டும். கையில் வேலை கொடுங்கள். பயறு பொறுக்குவது, துணி மடிப்பது, நெத்திலி ஆய்வது, பூச்செடிக்குத் தண்ணீர் விடுவது. ஒழுங்காக இல்லாவிட்டால் பரவாயில்லை, அவர் எதிரில் திருப்பிச் செய்யாதீர்கள். இன்னொன்று, டொனெபெசிலை இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும், மோசமான கனவுகள் வரும். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடமோ மருந்தகத்திலோ கேளுங்கள். எல்லாரிடமும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்காமல் விடக்கூடாத கேள்வி.

குளியல். இதில் உங்கள் அம்மா பக்கம் முழு நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். லயத்தில் இருந்தபோது பொதுக் குழாயடியில் கைலியை மார்பு வரை கட்டிக்கொண்டுதான் குளித்திருப்பார். உடம்பை யாருக்கும் காட்டியதில்லை. இப்போது ஒரு சின்ன அறைக்குள் அழைத்துப் போய், மகளே ஆனாலும், துணியைக் கழற்றி, தலைக்கு மேலே இருந்து தண்ணீர் கொட்டினால் யாருக்குத்தான் பதறாது? ஷவரை மறந்துவிடுங்கள். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், மொண்டு ஊற்ற ஒரு கயோங், உயரமான நாற்காலி ஒன்று. கைலி கட்டியே இருக்கட்டும், ஈரமானால் ஆகட்டும். முதலில் பாதத்தில் ஊற்றுங்கள், அப்புறம் முழங்கால், கை, கடைசியில் முதுகு. கயோங்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது, கை பழகிய காரியம், தானாகவே மொண்டு ஊற்றுவார். தலைக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். "குளிக்க வாங்க" என்று கூப்பிடுவதற்குப் பதில் "கோயிலுக்குப் போகணும், கிளம்பலாமா" என்றால் வரும் அம்மாக்கள் நிறைய பேர். சொன்னபடி அழைத்துப் போகவும் வேண்டும். ஒரு நாள் முடியாதென்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

தோட்டு விஷயம் மருமகளுக்குத்தான் பெரிய அடி. உங்கள் அண்ணியிடம் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். அம்மா எங்கோ ஒளித்து வைக்கிறார், வைத்த இடம் நினைவில்லை, மூளை அந்த ஓட்டையை ஒரு காரணம் சொல்லி அடைக்கிறது. பக்கத்தில் அதிகம் நிற்பவர் மேல்தான் பழி விழும். அம்மாவிடம் "யாரும் எடுக்கல" என்று வாதாட வேண்டாம். "தோடு காணோமா, வாங்க தேடுவோம்" என்று கூடத் தேடுங்கள். அரிசி டின், தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்னால் என்று அவர் ஒளிக்கும் இடங்கள் சீக்கிரமே பழகிவிடும். தங்கத்தை எடுத்து வைத்துவிட்டு அதே மாதிரி கவரிங் ஒரு ஜோடி வாங்கிப் போடுவது பலர் செய்வது. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டுக்காவது நோயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மானம் போகும் என்று பார்த்தால், அம்மா வழி தவறும் நாளில் கொண்டுவந்து விட ஆள் இருக்காது. கடைக்காரர், கோயில் பூசாரி, வாசலில் உட்காரும் தாத்தா, எல்லாருக்கும் உங்கள் கைப்பேசி எண் தெரிந்திருக்கட்டும். அம்மாவின் பர்ஸிலும் சட்டை உள்பக்கத்திலும் எண் இருக்கட்டும். காணவில்லை என்றால் உடனே 999, போலீசில் புகார் கொடுக்க ஒரு நாள் காத்திருக்கத் தேவையே இல்லை.

கேஸ் சிலிண்டரைப் பயன்படுத்தாத நேரம் வால்வை மூடிவிடுங்கள். பாத்ரூமில் கைப்பிடி, இரவில் சின்ன விளக்கு. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அண்ணன் சொல்லும் மாத முறைக்கு வருவோம். நம் குடும்பங்களில் பெற்றோரை முறை வைத்துப் பார்ப்பது பழக்கம், நியாயமான பங்கீடாகத் தோன்றும். மறதி நோய் இல்லாதவருக்குச் சரி. உங்கள் அம்மாவுக்கு ஒவ்வொரு மாதமும் பாத்ரூம் இடம் மாறும், கட்டிலின் பக்கம் மாறும், ஜன்னலில் தெரிவது மாறும். இரவில் எழுந்து ஒன்றுக்குப் போக வழி தெரியாமல் சுவரைத் தடவுவார். பழகி முடிவதற்குள் அடுத்த வீடு. தயவு செய்து இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அம்மா ஒரே வீட்டில் இருக்கட்டும், பிள்ளைகள் முறை வைத்து வரட்டும். ஈப்போ என்ன, அரை மணி நேர ஓட்டம்தானே. அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரவு வரை அம்மாவோடு தனியாக இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே போங்கள். போன் பண்ணினாலும் அவசரம் தவிர வேறெதற்கும் திரும்பாதீர்கள். தூரத்திலிருந்து யோசனை சொல்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான். அதற்குப் பிறகு நடக்கும் குடும்பப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வரவே முடியாத பிள்ளை பணம் கொடுக்கட்டும், மாதம் இவ்வளவு என்று பேசி முடித்து. பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு இருக்கிறது, டாக்டர் சான்றிதழும் ரசீதும் வேண்டும் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

வேலைக்கு ஆள் வைக்கலாம் என்றும் பேச்சு வரும். வைக்கலாம், ஆனால் மொழியைப் பாருங்கள். மலாய், தமிழ் இரண்டும் பேசிப் பழகியவர்களுக்கும் நோய் முற்ற முற்றப் பின்னால் கற்றது பெரும்பாலும் முதலில் போகும், தாய்மொழி அதிக நாள் நிற்கும். அம்மா தமிழில் "ஒன்றுக்கு வருது" என்று சொல்வதைப் புரிந்துகொள்ளாத ஆள் இருந்தால், அம்மா முரண்டு பிடிப்பதாகத்தான் கணக்கு வரும். தமிழ் தெரியாதவரை வைத்தால் தண்ணீர், பசி, வலி, ஒன்றுக்கு, குளிர் என்று ஒரு இருபது சொல்லையாவது கற்றுக்கொடுங்கள். மின்னல் பண்பலையில் பழைய பாட்டு ஓடட்டும்.

இதே மொழி விஷயம் பரிசோதனையிலும் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத ஒரு வெட்டுக்காரரிடம் இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்று மலாயில் கேட்டால் நல்ல நிலையில் இருப்பவரும் மார்க் இழப்பார். அம்மாவை யார், எந்த மொழியில் கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தீர்களா, அல்லது நீங்களே பதில் சொல்லிவிட்டீர்களா? வீட்டில் முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்ற தகவல் அந்த மார்க்கை விட டாக்டருக்கு உதவும்.

ரத்தப் பரிசோதனைகள் முடிந்ததா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து மண்டைக்குள் கசிந்த ரத்தம், இவையெல்லாம் மறதி நோய் போலவே தோன்றும், அல்லது இருக்கும் நோயை மோசமாக்கும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. அம்மாவுக்கு இனிப்புநீர் இருந்து பல வருஷமாக மெட்போர்மின் சாப்பிடுகிறார் என்றால் பி12-ஐ அவசியம் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மருந்து அதைக் குறைக்கும். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்பதும் சின்ன விஷயம் இல்லை. காது கேட்காதவர் பாதிக் குழப்பத்தில்தான் இருப்பார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அல்சைமர் மெதுவாகத்தான் நகரும். ஒரே நாளில், இரண்டே நாளில் அம்மா அடியோடு மாறினால், யாரையும் தெரியாமல் போனால், அல்லது திடீரென்று மயங்கி மயங்கித் தூங்கினால், "நோய் முத்திப்போச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் தண்ணீர் வற்றியது, நாட்பட்ட மலச்சிக்கல், புதிதாகச் சேர்ந்த மாத்திரை, இதில் ஏதோ ஒன்று இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மந்திரிக்கக் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கப்புறம் போகலாம்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. டொனெபெசில் நோயைக் குணமாக்காது, சிலருக்குக் கொஞ்ச காலம் நிலையாக வைத்திருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், நாடி மெதுவாவது வந்தால் சொல்லுங்கள். அம்மாவை அடக்க ஒரு மாத்திரை வேண்டும் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். மனநோய்க்கான அந்த வகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாதம், இறப்பு ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டும். வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலம்தான் கொடுப்பார்கள். கடையில் வாங்கும் சளி மாத்திரை, அரிப்பு மாத்திரையிலும் கவனம். குளோர்பெனிரமைன் போன்ற தூக்கம் தரும் வகை குழப்பத்தைக் கூட்டும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. நாலு மணிக்கு எழுந்து, ஏழு மணிக்கு வேலைக்குப் போய், திரும்பி வந்து சமைத்து... எத்தனை மாதம் தாங்கும்? கத்திவிட்டு அப்புறம் பாத்ரூமில் போய் அழும் மகள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்ட மகள்கள் இல்லை, தூக்கம் இல்லாத மகள்கள். கிளினிக்கில் உங்கள் பெயரிலும் ஒரு அட்டை போட்டு, உங்கள் ரத்த அழுத்தத்தையும் மனநிலையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈப்போவில் பேராக் டிமென்ஷியா சங்கம் இருக்கிறது, பெட்டாலிங் ஜெயாவில் 1997-இல் தொடங்கிய மலேசிய அல்சைமர் நோய் அறநிறுவனம் இருக்கிறது. அங்கே கிடைக்கும் பெரிய உதவி, இதே வீட்டைப் பார்த்த இன்னொருவரோடு பேசுவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட் என்ற இலவசப் பயிற்சி பார்த்துக்கொள்பவர்களுக்கென்றே எழுதியது. படுக்கையில் விழும் கட்டம் வந்தால், கிளினிக்கின் டொமிசிலியாரி பராமரிப்புக் குழு, அதாவது வீட்டிலேயே நோயாளியைப் பார்க்கும் குழு, வீட்டுக்கு வரும், கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் மருத்துவ சமூகப்பணி அதிகாரியைப் பார்த்தால் சமூக நலத்துறையின் (ஜேகேஎம்) உதவித்தொகை, மாற்றுத் திறனாளியாக ஓகேயூ பதிவு, வீட்டுக்கு வரும் உதவியாளர் திட்டம் ஆகியவற்றில் அம்மாவுக்கு எது பொருந்தும் என்று சொல்வார்.

பத்திர வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். அம்மாவுக்குப் புரிந்து கையெழுத்துப் போடும் நிலை இருக்கும்போதே வீட்டு கிராண்ட் எனும் உரிமைப் பத்திரம், வங்கிக் கணக்கு, சேமநிதி வாரிசுப் பெயர், உயில் எல்லாவற்றையும் அவர் விருப்பப்படி ஒழுங்கு செய்யுங்கள். நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அந்தக் காலத் தோட்டத் தொழிலாளர்கள் பலர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியிருக்கிறார்கள், பழைய பெட்டியில் பத்திரம் இருக்கிறதா பாருங்கள். புரியும் திறன் போனபிறகு சாதாரணப் பவர் ஆஃப் அட்டர்னி கைகொடுக்காது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போய்ப் பொறுப்பாளரை நியமிக்க வேண்டிவரும், அதற்குக் காசும் காலமும் ஆகும்.

ஹோம் என்பதையே கெட்ட வார்த்தையாக்கவும் வேண்டாம். இரவு முழுக்க ஆள் தேவைப்பட்டு வீட்டில் யாரும் இல்லாதபோது, அல்லது உங்கள் உடம்பு விழும்போது, அதுவும் ஒரு வழி. போவதானால் பதிவு பெற்ற இடமா, இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர், தமிழ் பேசுபவர் உண்டா, கட்டிப் போடுவார்களா என்று கேளுங்கள், சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். இப்போதைக்கு உங்கள் அம்மாவுக்கு அந்தக் கட்டம் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நான்கு மாதம் காத்திருக்காமல் கிளினிக்கில் முன்கூட்டியே ஒரு தேதி கேளுங்கள். போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், அதற்கு முன் என்ன நடந்தது, எதனால் அமைதியானார், மலம் போனதா, என்னென்ன மாத்திரை, கடையில் வாங்கியது உட்பட. டாக்டர் உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் "அம்மாகிட்டயும் கேளுங்க டாக்டர், நான் தமிழில் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா, பி12-உம் தைராய்டும் பார்த்தாயிற்றா, காதும் கண்ணும் யார் பார்ப்பது, சமூகப்பணி அதிகாரிக்குக் கடிதம் கிடைக்குமா, இந்த நாலு கேள்விக்கும் பதில் வாங்காமல் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டாம்.